சுவர்க்கரையின் வரலாறு



துணியின் ஓரம் பிரிந்து சிதையாமற் காப்பது கரையின் முதற்றொழில். காண்பார் கண்ணுக்கு இனிமை தருவது அதன் இரண்டாந் தொழில். வீட்டுச் சுவருக்கும் இவ்வாறே ஒரு கரை உண்டு. சுவர் தரையைத் தொடும் இடத்தும், கூரையைத் தொடும் இடத்தும், கதவு நிலையைச் சூழும் இடத்தும் மரத்தாலேனும் சாந்தாலேனும் ஓடும் வரம்பு வேலையை இக்காலத்துக் கொத்தரும் தச்சரும் ஸ்கர்ட்டிங் என்றும், கார்னீஸ் என்றும், பீடிங் என்றும் பலவாறு வழங்குவர். இவை யாவற்றையும் ஒருங்கே குறித்தற்கு ஒரு சொல் வேண்டியிருத்தலின், சுவர்க்கரை என்னும் பெயரை ஈண்டு ஆள்வோம்.

இப்பொருளை எழுதப் புகுந்த காரணம் நம் அன்பர் பலரும் அறிந்ததே. நம் சங்க மண்டபத்தைப் புதுக்குவது பற்றிக் கூடிய கூட்டத்தில், சுவர்க்கரை வேலையைக் குறித்துக் கருத்து இரண்டுபட்டது. கடையில் ஆயத்தமாக விற்கும் நீண்ட துண்டுகளை வாங்கிப் பசையிட்டு ஒட்டினால் சில நாளில் வேலை முடியும், சந்தாப் பணமும் மிஞ்சும் என்றனர் இளைஞர். நம்மவரிலேயே முதிய கொத்தர் இருக்க, அவர் கையாற் சாந்திழுத்துச் செய்வதை விட்டுக் கடைச்சரக்கை ஒட்டுவது நமக்கு அழகன்று என்றனர் பெரியோர். யாம் ஒரு சொல் சொல்ல வாயெடுத்தபோது, இலக்கணம் படிப்பிக்கும் பண்டிதருக்குச் சுவரைப் பற்றி என்ன தெரியும் என்று ஒருவர் நகைத்தார். அவர் கூற்றில் உண்மை இல்லாமற் போகவில்லை. ஆதலின் அறிந்தாரைக் கேட்டும் நூல்களை ஆராய்ந்தும், பிற நாட்டார் இவ்வழக்கை எங்ஙனம் தீர்த்துக்கொண்டனர் என்பதைக் கண்டு ஈண்டு எழுதலாயினோம். ஏனெனில், எளிதிற் பொருத்துவதா, நயமாகச் செய்வதா என்னும் இவ்வழக்கு நம் மண்டபத்தில் இன்று தோன்றியதன்று. ஈராயிரம் ஆண்டு பழமையுடையது.

முதலாவது, சுவர்க்கரை எதற்கு என்பதை அறிதல் வேண்டும். தரையும் சுவரும் வெவ்வேறு பொருளால் வெவ்வேறு நாளிற் செய்யப்படுவன. அவை கூடும் இடத்தில் வெடிப்பும் கோணலும் தோன்றுவது இயல்பு. அவ்விணைப்பை மறைப்பதே சுவர்க்கரையின் முதற்பயன். துடைப்பமும் ஈரத்துணியும் நாற்காலிக் காலும் படும் அடிச்சுவரைக் காப்பது அடிக்கரை. நாற்காலியின் முதுகு இடிக்கும் உயரத்தில் ஓடுவது இடைக்கரை. ஐரோப்பியர் தம் வீடுகளில் அதற்கும் மேலே ஒரு கரை அமைத்துப் படங்களை அதிற் கொக்கியிட்டுத் தொங்கவிட்டனர். சுவரில் ஆணியறைந்து சாந்தைச் சிதைக்க வேண்டாமை இதன் பயன். கூரையும் சுவரும் கூடும் இடத்தை மூடுவது மேற்கரை. பயன் பற்றித் தோன்றிய இவை பின்னரே அழகு பெற்றன.

இவ்வுண்மையை நம் கோயில்களிலும் காணலாம். கருவறைச் சுவரின் அடியில் உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என அடுக்கடுக்காய் ஓடும் கல்வரிகளைச் சிற்ப நூலார் அதிட்டானம் என்பர். மேலே வளைந்திறங்கும் கபோதம், மழைநீர் சுவரில் வழியாமல் அப்பாற் சொட்டுதற்கு அமைந்தது; அதனையே கொடுங்கை என்றும் கூறுவர். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலில் மரச் சட்டங்களையும் ஆணிகளையும் கல்லிலேயே காட்டிய கொடுங்கை உலகறிந்தது. பழைய நாளிற் சிற்பிகள் வேலைக்கு உடன்படிக்கை எழுதுங்கால், ஆவுடையார்கோயிற் கொடுங்கை நீங்கலாக என்று எழுதிக்கொள்வர் என ஒரு வழக்குச் சொல்லும் உண்டு. வேலையின் அருமையை அறிந்தவன், செய்யவல்ல அளவை முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டான் என்பது இதன் கருத்து. அருமையும் எளிமையும் எதிரெதிர் நிற்கும் வழக்கு அன்றே நம்மவர்க்கும் இருந்தது.

இனி, இவ்வழக்கின் வரலாறு தொடர்ச்சியாக எழுதப்பட்டிருக்கும் மேனாட்டை நோக்குவோம். கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதல் நூற்றாண்டில் உரோம நாட்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்பார் கட்டடக் கலையைப் பற்றிப் பத்துப் பகுதிகள் கொண்ட நூலொன்று இயற்றினார். அதன் ஏழாம் பகுதியிற் சாந்து வேலையைக் கூறுமிடத்து, மேற்கரையை இயன்ற அளவு மெல்லியதாகச் செய்க என்கிறார். பெரிதாகச் செய்தால் தன் பாரத்தாலேயே இற்று விழும் என்பது அவர் காட்டும் காரணம். மேலும், விளக்கும் தீயும் எரியும் அறைகளில் மேற்கரை கொத்துவேலை இன்றி வழவழப்பாய் இருத்தல் வேண்டும் என்றும், அப்பொழுதே புகைக்கரியை எளிதில் துடைக்கலாம் என்றும், புகையில்லாத வேனிற்கால அறைகளிற் பூவேலை செய்யலாம் என்றும் பகுத்துரைக்கிறார். அழகு இன்னது என்று அவர் தனியே வரையறுக்கவில்லை. பாரம் தாங்குமா, துடைக்க வருமா என்று கேட்டே அழகின் அளவைக் காட்டினார். நம் வீட்டு அடுக்களையை நினைப்பார்க்கு இவ்வுரையின் அருமை விளங்கும்.

அதன் பின்னர் ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலவியது சாந்திழுக்கும் முறை. வேண்டிய வளைவுகளைத் தகட்டில் வெட்டி, அத்தகட்டை ஒரு மரச்சட்டத்திற் பொருத்திக்கொள்வர். சுவரில் ஒரு பலகையை வழிகாட்டியாக அறைந்து, ஈரச் சாந்தின்மேல் அத்தகட்டை ஒரே சீராக இழுத்துச் செல்வர். மீண்டும் மீண்டும் சாந்து வைத்து இழுக்க, தகட்டின் வடிவம் சுவரில் நீளமாய்ப் பதிந்து நிற்கும். நேர்ச்சுவரில் இவ்வேலை விரைந்து நடக்கும். மூலையிலோ தகடு திரும்பாது. அங்கே கொத்தர் சிறு கருவி கொண்டு கையாலேயே இரு பக்க வளைவையும் கூட்டுதல் வேண்டும். ஒருவன் தேர்ந்த கைவினையாளனா அல்லனா என்பதை மூலையே காட்டிவிடும். நம் முதிய கொத்தர் செய்வதும் இம்முறையே ஆகும்.

இதன் குறை யாதெனின், சாரத்தின்மேல் நின்று, சாந்து இறுகுமுன் விரைந்து செய்யவேண்டியிருத்தலும், பூவேலை மிகுந்தாற் கூலி ஏறுதலுமாம். ஆகவே வேலையைச் சுவரிலிருந்து பட்டறைக்குக் கொண்டுசெல்லும் முயற்சி பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டில் வலுப்பெற்றது. 1758-இல் இத்தாலியினின்று திரும்பிய ராபர்ட் ஆடம் என்னும் கட்டடக் கலைஞர், பாரமான பழைய பூவேலையை ஒழித்து, தட்டையான மெல்லிய கொடிகளையும் பதக்கங்களையும் சுவரிலும் கூரையிலும் அமைத்துப் புகழ்பெற்றார். அக்காலத்து வழங்கிய கலவை ஒன்று உண்டு: சீமைச் சுண்ணத்தூள், வச்சிரப்பசை, குங்கிலியம், ஆளிவிதை எண்ணெய் என்பவற்றைக் கூட்டிப் பிசைந்து, மர அச்சில் அழுத்தி எடுப்பர். சூட்டில் அது வளையும். ஆறினாற் கல்போல் இறுகும். கதவு நிலையிலும் கணப்படுப்பின் முகப்பிலும் வேண்டியவாறு வளைத்து ஒட்ட அது பெரிதும் உதவிற்று. ஓர் அச்சு வெட்டுதற்குச் சிற்பி பல நாள் வருந்தினாலும், அதிலிருந்து எடுக்கும் பூக்களுக்கு அளவில்லை.

காகிதக்கூழும் இப்பணிக்கு வந்தது. இலண்டனுக்கு அருகே ஹொரேஸ் வால்போல் என்பார் கட்டிய ஸ்டிராபெரி ஹில் மாளிகையின் நீண்ட கூடத்தில், வெஸ்ட்மின்ஸ்டரிலுள்ள ஏழாம் ஹென்றியின் சிற்றாலயத்துக் கல்விதானத்தைப் போன்ற ஒரு விதானம் 1763-இல் அமைந்தது. ஆலயத்தில் அது கல், மாளிகையிலோ காகிதக்கூழ். நகைப்பார் நகைக்கலாம். ஆயினும் இரண்டரை நூற்றாண்டு கடந்தும் அக்கூடத்தைக் காண மக்கள் செல்கின்றனர். 1772-இல் பர்மிங்காம் நகரத்து ஹென்றி கிளே என்பார் காகிதத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி உறுதியான பலகை செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். அடுத்த நூற்றாண்டில் பீல்பெல்டு என்பார் காகிதக்கூழ் அணிகளைப் படம் வரைந்த விலைப் புத்தகம் அச்சிட்டு விற்றார். எடை குறைவாதலின் சிறு ஆணிகளாலேயே அவை கூரையில் நின்றன.

இவ்வரிசையிற் சிறந்தது 1856-இல் டெசாஷி என்னும் பிரெஞ்சுக்காரர் இங்கிலாந்தில் உரிமை பெற்ற முறை. அச்சிற் சாந்தை மெல்லிதாக ஊற்றி, அதனுள் முரட்டுத் துணியையும் மரச் சிம்புகளையும் பதித்து எடுப்பது அது. தனிச் சாந்து நீளமாக வார்த்தால் முறியும். துணி பதிந்த சாந்தோ மெல்லியதாயினும் முறியாது. நீண்ட துண்டுகளைப் பட்டறையில் நிழலிலிருந்து செய்து, வண்டியிலேற்றி வந்து, திருகாணியால் முடுக்கி, இணைப்பை மட்டும் சாந்தால் அடைத்தனர். இம்முறையால் கொத்தர் தொழில் மாய்ந்ததோ எனின், மாயவில்லை. சுவரில் இழுத்த கை பட்டறையில் அச்செடுத்தது. மூலையைக் கூட்டிய கண் இணைப்பை அடைத்தது. அச்சும் இணைப்பும் கற்றவர் அப்பட்டறைகளில் இடம்பெற்றனர். இச்செய்தியை நம்மவர் உள்ளத்திற் கொள்ளுதல் வேண்டும்.

மரக்கரையின் கதையும் இத்தகையதே. ஒவ்வொரு வளைவுக்கும் ஒவ்வோர் இழைப்புளி வைத்துத் தச்சர் கையால் இழைத்தனர். சாமுவேல் பெந்தம் என்னும் பொறிவல்லார் சுழலும் உளிகளால் மரத்தை இழைக்கும் பொறிகளுக்கு 1793-இல் இங்கிலாந்தில் உரிமை பெற்றார். அமெரிக்காவில் வில்லியம் உட்வொர்த் 1828-இல் இழைப்புப் பொறி ஒன்றுக்கு உரிமை பெற, அவ்வுரிமை நீட்டிக்கப்பட்டு 1856 வரை நின்றது. அதனால் எழுந்த வழக்குகள் பல. பொறிகள் பரவிய பின்னர் ஆலையில் இழைத்த கரைகள் எளிய குடும்பத்தார் வீடுகளையும் அடைந்தன.

ஆயினும் நேராக இழைத்த கரையைக் கோணலான சுவரிற் பொருத்துவது எங்ஙனம்? எளிமையும் நயமும் உண்மையிற் கைகோத்த இடம் இதுவே. ஆதலின் இதனைச் சற்று விரித்துரைப்போம்.

மூலையிற் கரைகள் கூடும் முறை மூன்று. நம் மாணாக்கர் கற்கும் புணர்ச்சியிலக்கணம் கொண்டே இவற்றை விளக்கலாம். முதலாவது, இரு துண்டையும் பாதி மூலையாகச் சாய்த்தறுத்துக் கூட்டுதல். இது கல், தூண் என்னும் இரு சொல்லும் திரிந்து கற்றூண் என்றாவது போலும். பார்வைக்கு அழகியது, ஆனால் மரம் உலர்ந்து சுருங்கினால் நடுவே கீறல் தோன்றும். இரண்டாவது, ஒரு துண்டை மூலைவரை நேரே ஓடவிட்டு, மற்றதன் முனையை முன்னதன் வளைவுக்கு ஏற்பக் குடைந்து அதன்மேல் பொருந்த வைத்தல். கண், நீர் என்பன கண்ணீர் ஆகுங்கால் முன்னது நிற்கப் பின்னது மட்டும் திரிவது போன்றது இது. மூலை சரியான சதுரமாக இல்லாவிடினும் இவ்விணைப்பு பொருந்தும். மரம் சுருங்கினாலும் பிளவு கண்ணுக்கு எளிதில் தோன்றாது. உள்மூலைக்கு இதுவே தக்கது என்று தேர்ந்த தச்சர் கொள்வர்.

மூன்றாவது முறை, மூலையில் ஒரு சிறு சதுரக் கட்டையை நிறுத்தி, இரு துண்டையும் நேரே அறுத்து அதில் முட்டவிடுதல். திரு, அடி என்னும் இரண்டின் நடுவே வகரம் தோன்றித் திருவடி ஆவதை ஒப்பது இது. உடம்படுமெய் தோன்றுவது உயிர் இரண்டும் இடரின்றிக் கூடுதற்கன்றோ? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வீடுகளிற் கதவு நிலையின் மேல்மூலை இரண்டிலும் வட்டப்பூ கடைந்த கட்டைகளை வைத்தனர். நிலையின் அடியிலும் சற்றுத் தடித்த கட்டை வைத்து, நிலைக்கரையும் அடிக்கரையும் அதில் முட்டுமாறு செய்தனர். சாய்த்தறுக்கும் வேலை ஒழிந்தது. கண்டாரோ அப்பூவை அழகுக்காக வைத்தது என்றே எண்ணினர். பொருத்துவான் வருத்தத்தைக் குறைக்க வந்தது பார்ப்பான் கண்ணுக்கு அணியாயிற்று. சுவர்க்கரை வரலாற்றில் எமக்கு மிகவும் உவப்பான செய்தி இது.

சுவரின் மேடுபள்ளத்துக்கும் வழி கண்டனர். கரையின் முதுகை நடுவிற் சற்றே குடைந்து விட்டால், அது மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் மட்டும் சுவரைத் தொடும். இடையிலுள்ள மேடு அதனைத் தள்ளாது. தரை ஏறியிறங்கினால் அகன்ற அடிக்கரை வளையாது. ஆகலின் அதனடியில் மெல்லிய காற்கம்பி ஒன்றை ஓடவிட்டனர். அது தரையோடு வளைந்து இடைவெளியை மூடியது. பழைய ஆங்கில வீடுகளிற் சாந்து பூசுமுன்னரே சுவரில் மரச்சட்டம் பதிப்பர். அது சாந்தின் கனத்துக்கு அளவாகவும், பின்னர்க் கரையை ஆணியறைதற்குப் பிடிப்பாகவும் இருவகையில் உதவிற்று. இவையெல்லாம் கண்ணுக்குத் தோன்றா. நயம் நிலைபெறுவதோ இவற்றால்தான்.

பிற்காலத்துச் செய்திகளைச் சுருங்கச் சொல்வோம். தரைவிரிப்பாகிய லினோலியத்தைக் கண்டறிந்த பிரெடெரிக் வால்டன் 1877-இல் லிங்க்ரஸ்டா என்னும் புடைப்புச் சுவர்த்தாளை வெளியிட்டார். 1887-இல் அதனினும் எடை குறைந்த அனக்லிப்டா வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் புதுமை விரும்பிய கட்டடக் கலைஞர் சிலர் சுவர்க்கரை முழுவதையும் நீக்கினர். கரை நீங்கினால் வேலை எளிதாகும் என்று எண்ணுவார் உளர். உண்மை அதற்கு மாறு. மறைக்கும் கரை இல்லாதபோது இணைப்பு மயிரிழையும் பிசகாமல் அமைதல் வேண்டும். கூலி அதனால் ஏறும். 1960-களுக்குப் பின் மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எப். பலகையும், நுரைபோன்ற பாலியூரித்தேனும் கரைகளாக வந்தன. முன்னது நேராய் வழவழப்பாய் இருக்கும். ஈரம் பட்டால் உப்பும். பின்னது மிக இலேசானது, பசையாலேயே நிற்கும், ஆனால் இடிபட்டாற் குழியும்.

அற்றேல் நயம் என்பது யாது? பூவேலையின் மிகுதியன்று, நிழலின் ஒழுங்கே நயம் என்பது எம் துணிபு. குழிந்த வளைவும், அதனையடுத்து ஒரு நேர்வரியும், பின்னர்ப் புடைத்த வளைவும் என மாறிவரும்போது, சாளரத்தினின்று வரும் ஒளி அவற்றின்மேல் மெலிந்தும் வலிந்தும் வீழ்ந்து கோடுகளாய்த் தோன்றும். ஒரே அளவினவாய்ப் பல வளைவை அடுக்கினாற் கண் சலிக்கும். தாழ்ந்த கூரைக்குப் பெருங்கரை பொருந்தாது. உயர்ந்த மண்டபத்துக்குச் சிறுகரை தோன்றாது. இவ்வளவை அறிந்தவன் வரைந்த கரை, ஆலையில் இழைத்தாலும் நயமுடையது. அறியாதவன் வரைந்தது, கையாற் செய்தாலும் நயமற்றது.

இதனை எம் வீட்டிலேயே கண்டோம். ஈராண்டுக்கு முன் யாமும் ஆயத்தக் கரைகளை வாங்கி, விரைவு கருதி, ஓர் ஆளைக்கொண்டு ஒட்டுவித்தோம். சுவர் கோணலென்று அவர் சொன்னார், யாம் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒரு மூலை வாய்பிளந்து நின்றது. கடைச்சரக்கின் குற்றம் என்று பலரிடம் பழித்தோம். நம் மரபிற் பிறந்த ஒரு முதிய கொத்தர் வந்து தூக்குக்குண்டைப் பிடித்துக் காட்டி, சரக்கின்மேற் குற்றமில்லை, சுவரை முதலிற் சீர்செய்திருக்க வேண்டும் என்றார். ஒட்டிய துண்டு இலேசானது. அதனைத் தாங்கவேண்டிய அறிவு எம்மிடம் இல்லை. அன்று நாணினோம்.

சென்னைச் சுண்ணாம்பு என்று மேனாட்டார் ஒரு காலத்து வியந்து போற்றிய வேலை நம்மவர் கையினது. கிளிஞ்சற் சுண்ணாம்பை அரைத்து, பல முறை பூசி, கல்லால் தேய்த்துப் பளிங்கெனத் தோன்றச் செய்தனர். அக்கைகள் இன்று நம் தெருக்களில் வேலையின்றி இருப்பதை யாவரும் காண்கிறோம். அவர் பிள்ளைகளோ, தந்தை தொழிலைச் சொல்லவும் கூசி வேறு வழி தேடுகின்றனர். ஆதலின் நம் மண்டபத்தின் சுவர்க்கரை சில நூறு அடி நீளமுள்ள அலங்காரப் பொருள் மாத்திரமன்று; ஒரு கல்வி அழிவதா நிற்பதா என்னும் கேள்வியும் ஆகும்.

எம் கருத்து இது. நீண்ட நேர்ச்சுவர்களுக்கு ஆயத்தக் கரைகளையே கொள்க. சந்தாப் பணம் பொதுப்பணம், அதனை வீணாக்கல் தகாது. ஆனால் கரையின் வடிவத்தைத் தேர்வதும், சுவரை மட்டம் பார்ப்பதும், மூலைகளைக் கூட்டுவதும் நம் முதியோர் பொறுப்பில் விடப்படுக. வாயில் நிலையைச் சூழும் கரையையும் மேடையின் மேற்கரையையும் அவர்கள் சாந்திழுத்தே செய்க. அப்பொழுது நம் இளைஞர் நால்வரேனும் உடனிருந்து தகடு வெட்டவும், அச்செடுக்கவும், மூலை கூட்டவும் கற்றல் வேண்டும். கற்பிப்பார்க்குக் கூலியோடு ஆசிரியர்க்குரிய மரியாதையும் செய்தல் வேண்டும். வேலை பட்டறைக்குப் போனபோது அதனோடு தானும் சென்று அச்சும் இணைப்பும் கற்றவனே மேனாட்டில் வாழ்ந்தான். நம் பிள்ளைகளுக்கும் அவ்வழி திறந்தே உளது.

பண்டிதருக்குச் சுவரைப் பற்றி என்ன தெரியும் என்று நகைத்த அன்பருக்கு நன்றி கூறுகிறோம். அவர் நகையாதிருந்தால் இவ்வளவும் யாம் கற்றிருக்க மாட்டோம். பொதுக்குழு கூடும் நாளில் அன்பர்களும் தாய்மார்களும் தவறாது வந்திருந்து தத்தம் கருத்தைக் கூற வேண்டுகிறோம். நம் மண்டபத்தின் மூலைகள் பிளவின்றிக் கூடுக. அவ்வாறே நம் மனங்களும் கூடுக.